மேடான் நகரின் செத்தியா புடியில் வீடு பார்ப்பதும் வாங்குவதும் குடியிருப்பதும்

இந்தோனேசியாவின் வட சுமத்திரா மாகாணத் தலைநகரான மேடானில் குடியேறவோ பணம் போடவோ எண்ணுபவர்களின் காதில் முதலில் விழும் பெயர்களில் செத்தியா புடியும் ஒன்று. ஊரின் தென்மேற்கில் அமைந்துள்ள இவ்வட்டாரத்தையும், 1952இல் தோன்றிய வட சுமத்திராப் பல்கலைக்கழகத்தின் பாடாங் பூலான் வளாகத்தையும் டாக்டர் மன்சூர் சாலை இணைக்கிறது. மதிலும் காவலும் கொண்ட பெருங்குடியிருப்பான தாமான் செத்தியா புடி இண்டா, ஊரார் பேச்சில் 'தஸ்பி', இங்கேதான் உள்ளது. அதைச் சுற்றிலும் மதில் இல்லாத பழைய தெருக்களும், மாணவர் விடுதிகளும், கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த 'ரூக்கோ' வரிசைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. இங்கு வீடு தேடுபவர் வீட்டின் அழகைப் பார்ப்பதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும்: மழைநீர் எங்கே போகிறது என்பது ஒன்று; நிலத்தின் பத்திரம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது மற்றொன்று. மற்றவை யாவும் பிறகு சரிசெய்யக்கூடியவை.

வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தாலும், முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே நல்லது. இந்தோனேசியாவில் தனி வீடுகளின் வாடகை பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் முன்கூட்டியே மொத்தமாகச் செலுத்தப்படுகிறது. மாத வாடகை என்பது 'கோஸ்' எனப்படும் அறைகளுக்கும் சில அடுக்குமாடி வீடுகளுக்கும் உரிய வழக்கம். எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளை அவசரப்படாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். மேடானில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை மிகுதி. அந்த மாதங்களில் ஒரு பெருமழை ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் தெருவில் நடந்து பார்ப்பவருக்குத் தெரிவது, வெயில் காலத்தில் பத்து முறை வந்து போனவருக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய டாக்டர் மன்சூர் சாலை நீர் தேங்குவதற்குப் பெயர்பெற்றது. வெள்ளநீரைத் தாங்கிக்கொள்ள வளாகத்துக்குள்ளேயே ஒரு குளம் வெட்டப்பட்டுள்ளது. 2025 நவம்பர் இறுதியில் சுமத்திராவைத் தாக்கிய பெருமழையில் மேடானின் பல பகுதிகள் மூழ்கியதை அண்டை வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே தரகரிடம் கேட்பதைவிட, தெருமுனையில் 'வாருங்' எனப்படும் சிறுகடை வைத்திருப்பவரிடம் அன்று தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேட்பது பயனுள்ளது.

வீட்டு வாசலில் ஓடும் திறந்த வாய்க்காலை இங்கே 'பாரிட்' என்பார்கள். அதில் மண் எவ்வளவு படிந்துள்ளது, மேலே போடப்பட்ட சிமெண்டுப் பலகைகள் எடுத்துத் தூர்வாரக்கூடியவையா, வீட்டின் தரைமட்டம் சாலையைவிட உயரமா தாழ்வா என்ற மூன்றையும் நேரில் காண வேண்டும். சாலையை மீண்டும் மீண்டும் தார் போட்டு உயர்த்துவதால், கட்டியபோது மேட்டில் இருந்த பழைய வீடுகள் இன்று பள்ளத்தில் நிற்பதுண்டு. புதிதாக வண்ணம் பூசிய சுவரில் கீழ்ப்பகுதியில் மட்டும் ஓடு பதித்திருந்தால், அது அழகுக்காகவா ஈரக்கறையை மறைப்பதற்காகவா என்று ஐயப்படுவதில் தவறில்லை.

குழாய்நீரை மாகாண நிறுவனமான திர்த்தாநாடி வழங்குகிறது. ஆயினும் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணறும் மேல்தொட்டியும் உண்டு. குழாயை மாலை நேரத்தில் திறந்து நீரின் அழுத்தத்தைச் சோதியுங்கள். கிணற்று நீரை ஒரு வெள்ளை வாளியில் இரவு முழுவதும் வைத்தால் இரும்புச் சத்தின் மஞ்சள் படிவு இருந்தால் தெரிந்துவிடும். மின்சாரம் அரசு மின் நிறுவனமான பி.எல்.என். உடையது. முன்கட்டண மீட்டர் உள்ள வீட்டில், கடையிலோ கைபேசியிலோ வாங்கிய 20 இலக்க எண்ணை அழுத்தினால்தான் விளக்கு எரியும். 1,300 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள இணைப்பில் இரண்டு குளிர்சாதனங்களுடன் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் மின்னிணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும் என்பதால், குடும்பத்துக்கு 2,200 வி.ஏ. இருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

ஜாவாவில் இருந்து வருபவர்கள் தெருத் தலைவரை 'எர்.தே.' என்று தேடுவார்கள். மேடான் நகரில் அந்த அமைப்பு இல்லை. இங்கே 'கெலுராஹான்' எனப்படும் ஒவ்வொரு சிறு நிர்வாகப் பிரிவும் பல 'லிங்குங்கான்'களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 'கெப்லிங்' எனப்படும் தலைவர் ஒருவர் இருக்கிறார். குடியேறிய முதல் வாரத்திலேயே அடையாளப் பத்திரங்களின் நகலுடன் அவரைச் சென்று பார்த்துவிட வேண்டும். குடியிருப்புச் சான்று முதல் அண்டை வீட்டுத் தகராறு வரை அவர் வழியாகவே நகரும். இப்பகுதியில் காரோ பாத்தாக், தோபா பாத்தாக், மலாய், ஜாவா, சீன மக்கள் கலந்து வாழ்கிறார்கள்; பள்ளிவாசலின் அதிகாலை பாங்கும், ஞாயிறு காலைத் தேவாலயப் பாடலும், பன்றிக்கறி வாட்டும் காரோ உணவகமும் ஒரே சாலையில் அமையலாம். தமிழர்களுக்கு ஊர் அந்நியமன்று: மேடானைச் சூழ்ந்த டெலி பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தோர் வாழ்ந்த கம்போங் மெட்ராஸும், அங்கே 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோவிலும் நகரின் நடுவில், செத்தியா புடியிலிருந்து வாடகை வண்டியில் எளிதில் போய்வரும் தொலைவில் உள்ளன. காய்கறிக்குப் பாடாங் பூலானின் மாலைச் சந்தை வசதி. வார இறுதியில் மட்டும் ஜாமின் கிந்திங் சாலையைத் தவிர்க்க வேண்டும்; பெரஸ்தாகி மலைக்குச் செல்லும் வண்டிகள் அதை நிறைத்துவிடும்.

அந்தப் புகையிலைக் காலத்தின் எச்சம் இன்றும் பத்திரங்களில் தங்கியிருக்கிறது. டெலி சுல்தான் அளித்த பழைய மானிய ஆவணங்கள், தோட்ட நிறுவனங்களுக்கு விடப்பட்டுக் காலாவதியான குத்தகை நிலங்கள், வட்ட அதிகாரியான 'சாமாட்' எழுதிக்கொடுத்த உடைமைக் கடிதம், தேசிய நில வாரியம் வழங்கிய உரிமைச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் மேடானிலும் அதைச் சூழ்ந்த டெலி செர்டாங் மாவட்டத்திலும் 'பத்திரம்' என்ற பெயரிலேயே விலைபேசப்படுகின்றன. இவற்றில் உரிமையை நிலைநாட்டும் வலிமை உடையது சான்றிதழ் ஒன்றே. 'எஸ்.கா. சாமாட்' எனப்படும் அந்தக் கடிதம் மட்டும் உள்ள வீடு பக்கத்து வீட்டைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதை அடகு வைத்து வங்கியில் வீட்டுக்கடன் பெறுவது கடினம். ஒரே நிலத்துக்கு இருவேறு கடிதங்கள் தோன்றும் அபாயமும் உண்டு. பதிவு செய்யப்படாத பழைய மரபுவழி நில உரிமை ஆவணங்களுக்கு, 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசு ஒழுங்குமுறை ஐந்தாண்டுக் கெடு விதித்தது. 2026 பிப்ரவரிக்குப் பின் அவை உரிமைச் சான்றாகாமல் வெறும் குறிப்பாகவே கொள்ளப்படும். மலிவு என்பதற்காக இத்தகைய நிலத்தில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சான்றிதழ்களிலும் வகை உண்டு. 'ஹாக் மிலிக்' என்னும் முழு உரிமை காலவரம்பற்றது. இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 'ஹாக் குனா பங்குனான்' என்னும் கட்டட உரிமை 30 ஆண்டுகளுக்குத் தரப்பட்டு, 20 ஆண்டுகள் நீட்டிக்கவும் பின்னர் 30 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கவும் கூடியது; நிறுவனங்கள் கட்டி விற்கும் குடியிருப்புகளில் பெரும்பாலும் இதுவே இருக்கும். 600 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்பு நிலமானால், குடிமகனாகிய உரிமையாளர் அதை முழு உரிமையாக மாற்றிக்கொள்ளலாம். விலை பேசும்போது எஞ்சிய ஆண்டுகளைக் கேட்டு, மாற்றும் செலவைக் கழித்தே விலை சொல்ல வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், நிலப்பத்திரம் எழுத அதிகாரம் பெற்ற 'பே.பே.ஆ.தே.' அலுவலர் ஒருவரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, அவர் மூலம் நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்க்கச் செய்யுங்கள். விற்பவர் கூட்டிவரும் அலுவலரோடு நின்றுவிடாதீர்கள். வாரியத்தின் 'செந்து தானாகூ' செயலியிலும் மனையின் இருப்பிடத்தைப் பார்க்கலாம். அடமானம், வழக்கு, தடை ஏதுமில்லை என்று உறுதியான பின், நிலவரியான 'பே.பே.பே.' பாக்கியின்றிக் கட்டப்பட்டுள்ளதா, கட்டட அனுமதி உள்ளதா, விற்பவரின் மனைவி அல்லது கணவர் கையெழுத்திட வருவாரா, வாரிசுச் சொத்தானால் வாரிசுகள் அனைவரும் சம்மதித்தார்களா என்பன வரிசையாக வர வேண்டும். செலவில், சொத்து வாங்குவதற்காக வாங்குபவர் செலுத்தும் வரி, விலக்குத் தொகை போக மதிப்பில் அதிகபட்சம் 5 விழுக்காடு. விற்பவரின் வருமான வரி 2.5 விழுக்காடு; அலுவலரின் கட்டணம் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நிறுவனத்திடமிருந்து புதிய வீடு வாங்கினால் மதிப்புக்கூட்டு வரியும் சேரும்.

வெளிநாட்டவர் நிலை வேறு. செல்லுபடியாகும் குடிவரவு ஆவணம் உள்ளவர் 'ஹாக் பாகாய்' என்னும் பயன்பாட்டு உரிமையில், அரசு மாகாணந்தோறும் நிர்ணயித்த குறைந்தபட்ச விலைக்குக் குறையாத வீட்டை வாங்கலாம். அந்த வரம்பு செத்தியா புடியின் சாதாரணத் தெரு வீடுகளைப் பெரும்பாலும் எட்டாக் கனியாக்கிவிடும். அதனால்தான் உள்ளூர் நண்பர் பெயரில் முழு உரிமையை வாங்கி, தனியே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் யோசனை எங்கும் சொல்லப்படுகிறது. 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் 26ஆம் பிரிவில் இத்தகைய மறைமுக மாற்றத்தைச் செல்லாததாக்குகிறது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் இயலாது. இந்தோனேசியரை மணந்தவர்கள் சொத்தைப் பிரித்து வைக்கும் திருமண ஒப்பந்தம் செய்துகொண்டால் துணைவர் முழு உரிமையைத் தக்கவைக்கலாம். 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் அவ்வொப்பந்தத்தைத் திருமணத்துக்குப் பிறகும் செய்யலாம்.

முதலீடாகப் பார்த்தால், இவ்வட்டாரத்தின் வருமானம் பல்கலைக்கழகத்தை நம்பியிருக்கிறது. மலேசியாவிலிருந்து மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்க வந்த மாணவர்கள், தமிழர்கள் உட்பட, இங்கே தங்கிப் படித்திருக்கிறார்கள். கோஸ் அறைகள் பெருகியதில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் வெளிநாட்டு மாணவர் வருகை பிற நாட்டின் அங்கீகாரக் கொள்கையைச் சார்ந்தது என்பதால், கணக்கை உள்நாட்டு மாணவர்களை வைத்தே போட வேண்டும். வளாகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள எளிய அறைகள் காலியாக இருப்பது குறைவு. மதிலுக்குள் உள்ள பெரிய வீடுகள் மதிப்பைக் காக்கும், ஆனால் வாடகைக்கு ஆள் கிடைக்கக் காத்திருக்கச் செய்யும். வீட்டு வாடகையில் 10 விழுக்காடு இறுதி வரியாகப் போகிறது. வரிசை வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் ரூக்கோக்களைப் பார்த்த பின்னும் புதிய ரூக்கோவில் பணம் போடுபவர், வாடகைக்காரரை முன்பே கையில் வைத்திருக்க வேண்டும்.

கிரையப் பத்திரம் கையெழுத்தான பின் சான்றிதழில் பெயர் மாற்றம் முடியும் வரை தொடர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். அதன் பின் நிலவரி, மின்சாரம், குடிநீர் ஆகிய கணக்குகளைத் தனித்தனியே தம் பெயருக்கு மாற்றி, புதிய நகல்களைக் கெப்லிங்கிடம் கொடுத்துவிட வேண்டும். நிலவரிச் சீட்டு பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அடுத்து விற்க நேரும்போதுதான் அந்தச் சோம்பல் விலையில் தெரியும்.