இன்டரப்ட் நிரல் மல்டித்ரெட்டிங் ஆகுமா? ஸ்டாக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

ஒரு காப்புரிமை வழக்குக்காக நிரலைப் படித்து, அது காப்புரிமை சொல்லும் மல்டித்ரெட்டிங்தானா என்று கருத்து எழுதித் தரும்படி முதன்முதலில் என்னிடம் கேட்டபோது, நேராகப் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். ஓடும் நிரலை இடைநிறுத்தி வேறொரு சிறு வேலையைச் செய்ய வைப்பது இன்டரப்ட்; செயலியை மாறி மாறிப் பகிர்ந்து ஓடும் வேலைகளில் ஒன்று த்ரெட், அப்படிப் பலவற்றை ஓட்டுவது மல்டித்ரெட்டிங். ஆகவே இன்டரப்ட் வேறு, த்ரெட் வேறு என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். “காப்புரிமையில் என்ன எழுதியிருக்கிறது?” என்று ஒரே வரியில் வழக்கறிஞர் திருப்பிக் கேட்டார். நான் அதைப் படித்திருக்கவே இல்லை.

ஆகவே நிரலை மூடி வைத்துவிட்டு, முதலில் காப்புரிமையைப் படியுங்கள். அமெரிக்காவில் உரிமைக்கோரிக்கையின், அதாவது காப்புரிமை எதற்கு உரிமை கேட்கிறது என்று சொல்லும் பகுதியின், சொல்லுக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை. 1996இல் மார்க்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். 2005இல் வந்த பிலிப்ஸ் தீர்ப்போ அகராதியைவிட, காப்புரிமையில் கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியான விவரக்குறிப்புக்கே முதலிடம் தந்தது.

தேதியையும் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் மீது மார்ட்டின் ரீஃபின் தொடுத்த வழக்கில் காப்புரிமைகள் 1997இல் வழங்கப்பட்டவை. மூல விண்ணப்பம் 1982இல் தரப்பட்டது. அவற்றில் ஒன்றின் தலைப்பிலேயே மல்டித்ரெட்டிங், கடிகார இன்டரப்ட் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன! என் இரண்டு பக்கம் அங்கே ஒரு நொடிகூட நின்றிருக்காது. அந்தக் காப்புரிமைகளின் விவரிப்பு போதுமா என்பதை அவற்றின் சொந்த விவரக்குறிப்பை வைத்தே பார்க்க வேண்டும், 1982 தாளை வைத்து அல்ல என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனால் கண்டுபிடிப்பை 1982இலேயே தாக்கல் செய்ததாகக் கொள்ளும் முன்தேதியை ஒருவர் கோரினால், விஷயம் அந்தப் பழைய தாளிலேயே இருந்தாக வேண்டும்.

இனி நிரலைத் திறக்கலாம். 8051 என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் டைமர் 0 இன்டரப்ட் வந்தால் சில்லு தானாக ஸ்டாக்கில் (தற்காலிகமாக மதிப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதியில்) வைப்பது திரும்பிவர வேண்டிய முகவரியின் இரண்டு பைட்டுகளை மட்டுமே. செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களான மற்ற ரெஜிஸ்டர்களைக் காப்பது நிரல் எழுதியவரின் பாடு. சில்லு 000பி முகவரிக்குத் தாவுகிறது. அங்கிருந்து, இன்டரப்டிலிருந்து திரும்பச் சொல்லும் ரெட்டி (RETI) கட்டளை வரை விரலை வைத்துப் படியுங்கள். நுழைந்தபோதும் வெளியேறும்போதும், ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ஸ்டாக் பாயிண்டர் ஒரே இடத்தைக் காட்டினால், விட்ட இடத்துக்கே திரும்புகிறது, வெறும் இன்டரப்ட். நடுவில் அதன் மதிப்பை எடுத்து வைத்துவிட்டு வேறொரு வேலையின் மதிப்பை ஏற்றினால், ரெட்டி வேறு இடத்தில் போய் இறங்கும். அதை மல்டித்ரெட்டிங் இல்லை என்று வாதாட நான் வரமாட்டேன்.

எதிர்த்தரப்பு விடாது. முதன்மைச் சுழற்சி (இன்டரப்ட் இல்லாதபோது திரும்பத் திரும்ப ஓடும் நிரல்) ஒரு த்ரெட், இன்டரப்ட் நிரல் இன்னொன்று என்பார்கள். இன்டரப்ட் நிரல் பாதியில் நிற்க, முதன்மைச் சுழற்சி ஓர் அடியாவது நகர்கிறதா என்று கேளுங்கள். சாதாரண இன்டரப்ட் நிரலில் நகராது.

ஒருவேளை விவரக்குறிப்பே “செயலியை இன்னொன்றிடமிருந்து பறிக்கும் எந்தக் கட்டளை வரிசையும் த்ரெட்தான்” என்று வரையறுத்திருந்தால், என் ஸ்டாக் சோதனை செல்லாது. அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். உரிமைக்கோரிக்கையையும் நிரலையும் அருகருகே வைக்கும் ஒப்பீட்டு அட்டவணையில் நிரலுக்கான நெடுவரிசையில் மல்டித்ரெட்டிங் என்ற சொல்லே வரக்கூடாது. கோப்பின் பெயர், வரி எண், ஸ்டாக் பாயிண்டரின் மதிப்பு, அவ்வளவே.