ஏரியில மீன் செத்து மிதக்குதா? மத்தியானத்துக்குள்ள பண்ண வேண்டியதெல்லாம்

கோடை வந்தா போதும், எங்கயாவது ஒரு ஏரியில கரை முழுக்க வெள்ளையா மீன் ஒதுங்கி கிடக்கற போட்டோ வாட்ஸப்ல வந்துடும். மறுநாள் பேப்பர்ல ஒரு பெட்டிச் செய்தி, வெயில்ல ஆக்சிஜன் குறைஞ்சு மீன் செத்துப்போச்சுன்னு அதிகாரிங்க சொன்னாங்களாம், அதோட சோலி முடிஞ்சுது. பொய்னு சொல்ல மாட்டேன், நிறைய தடவை ஆக்சிஜன் குறைஞ்சுதான் சாகுது. ஆனா ஏன் குறைஞ்சுது? அதே வெயில் பக்கத்து ஊர் ஏரியிலயும்தானே அடிக்குது, அங்க மீன் துள்ளிட்டுதானே இருக்கு. இந்தக் கேள்விய யாரும் தட்டிக்கழிக்க முடியாத மாதிரி கேக்கணும்னா கையில என்னென்ன இருக்கணும், அதை எப்படி சேத்துக்கறதுன்னு சொல்றேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி நேரம். நீங்க ஒம்பது மணிக்கு சாவகாசமா போனா பாதி ஆதாரம் போயிருக்கும். பாசி நிறைய இருக்கற ஏரியில பகல்ல பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரி பூரா அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும், அதனால விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் தண்ணியில ஆக்சிஜன் ரொம்ப அடிமட்டத்துல இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு அளந்தா "எல்லாம் நார்மல்"னு ரிசல்ட் வரும், அதையே ரிப்போர்ட்ல எழுதி மூடிடுவாங்க. வாய்க்கால் வழியா எவனாவது ராத்திரி எதையாவது திறந்து விட்டிருந்தா அதுவும் காலைக்குள்ள கலந்து ஓடிடும். இன்னொண்ணு, வயிறு உப்பி மிதக்கற மீன் பெரும்பாலும் நேத்தே செத்தது, செத்த மீன் முதல்ல அடியில போய் அப்புறம்தான் மேல வரும். அதனால புகார்ல "இன்று காலை மீன்கள் இறந்தன"ன்னு எழுதாம "இத்தனை மணிக்கு பாத்தோம்"னு எழுதுங்க.

போன உடனே தண்ணிய விட மீனைத்தான் பாக்கணும், பாதி கதைய அதுவே சொல்லிடும். கட்லா, ரோகு எல்லாம் செத்து கிடக்கு, அதுலயும் பெருசுங்க முதல்ல போயிருக்கு, குஞ்சுங்க மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுன்னா ஆக்சிஜன் பிரச்சினையா இருக்க வாய்ப்பு அதிகம். விரால், குரவை, தேளி, பனையேறி இதெல்லாம் மேல வந்து காத்தை நேரா உறிஞ்சிக்கற ஜாதி, ஆக்சிஜன் கொறஞ்ச தண்ணியிலயும் சமாளிச்சுக்கும். அந்த விராலும் தேளியும் சேர்ந்து செத்து கிடந்தா சந்தேகப்படணும். பெருசு சிறுசுன்னு வித்தியாசம் இல்லாம எல்லாம் ஒரே நேரத்துல போயிருக்கு, தவளை, நத்தை, தண்ணிப்பூச்சி கூட மிச்சமில்லன்னா விஷம் ஏதோ வந்திருக்குன்னு எடுத்துக்கிட்டே வேலைய ஆரம்பிக்கலாம். செவுளைத் தூக்கிப் பாருங்க, ரத்தம் காபித்தூள் நிறத்துல பழுப்பா இருந்தா நைட்ரைட் அதிகமா இருக்கலாம். இதெல்லாம் இப்பதான் செத்த மீன்லயோ செத்துக்கிட்டு இருக்கற மீன்லயோதான் தெரியும், அழுகினதுல ஒண்ணும் தெரியாது. வலை போடறவங்கள கூப்பிட்டுக்கங்க, மீன்பாசி குத்தகை (ஏரியில மீன் பிடிக்கற உரிமை) எடுத்தவர் இருந்தா ரொம்ப நல்லது, ஏரியில எந்தெந்த மீன் இருந்துச்சுன்னு அவரை விட தெரிஞ்சவங்க யாரும் இல்ல.

அடுத்து தண்ணி. மீன் வளர்ப்பு கடையிலயும் அக்வேரியம் கடையிலயும் (சென்னைக்காரங்களுக்கு கொளத்தூர் இருக்கவே இருக்கு) கரைஞ்ச ஆக்சிஜன், பிஹெச் (தண்ணியோட அமில-காரத் தன்மை), அம்மோனியா மூணுக்கும் சொட்டு மருந்து விட்டு கலர் பாக்கற கிட் கிடைக்கும். ஏரி நண்பர்கள் குழு மாதிரி எதாவது இருந்தா ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தண்ணிய ஏ-ல இருந்து ஈ வரைக்கும் பிரிச்சு வச்சிருக்கு, அதுல டி வகைதான் மீனுக்கும் காட்டுயிருக்கும். பிஹெச் 6.5-ல இருந்து 8.5-க்குள்ள, ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ, தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாம இருக்கணும். 30 டிகிரி தண்ணியில ஆக்சிஜன் நிரம்ப நிரம்ப கரைஞ்சாலே ஏழரை மில்லிகிராம்தான், அதனால நம்ம ஊர் கோடையில 4-ங்கறது ரொம்ப தாராளமான எல்லை ஒண்ணும் கிடையாது. அம்மோனியா கணக்குல அந்த 1.2 எனக்கு ரொம்ப தளர்வா படுது, 0.05 தாண்டினாலே செவுள் பாதிக்கும்னு மீன் வளர்ப்பு கையேடுகள்லயே போட்டிருக்கு.

அம்மோனியால ஒரு சூட்சுமம் இருக்கு, இது தெரியாமதான் நிறைய பேர் தப்பா படிக்கறாங்க. கிட் காட்டறது மொத்த அம்மோனியா. மீனைக் கொல்றது அதுல தனி அம்மோனியாங்கற ஒரு பங்கு மட்டும், அந்தப் பங்கு எவ்வளவுங்கறத பிஹெச்சும் சூடும்தான் முடிவு பண்ணும். 30 டிகிரியில பிஹெச் 7 இருந்தா நூத்துல ஒரு பங்கு கூட தேறாது, 8 ஆனா ஏழெட்டு பங்கு, 9 ஆனா நாப்பத்தஞ்சு பங்கு கிட்ட வந்துடும். அதனால அம்மோனியாவை மட்டும் எழுதிட்டு பிஹெச்சும் சூடும் எழுதாம விட்டா அந்த நம்பரால ஒரு பிரயோஜனமும் இல்ல. இதே காரணத்துக்காகத்தான் சொல்றேன், பதறிப்போய் யாரும் ஏரியில சுண்ணாம்பு கொட்டாதீங்க, பிஹெச் ஏறி மிச்சமிருக்கற மீனும் போயிடும். பிளீச்சிங் பவுடரோட வர்ற ஆளுங்களையும் நிறுத்துங்க, அது மீனுக்கும் விஷம், உங்க ஆதாரத்துக்கும் விஷம். உயிரோட இருக்கற மீனைக் காப்பாத்தணும்னா மோட்டார் போட்டு அதே தண்ணிய மேல இருந்து பீச்சி அடிக்கறது, செத்ததை வெளிய எடுத்து குழி தோண்டி புதைக்கறது, இது ரெண்டும் போதும். தெப்பக்குளமா இருந்தா பொரி மூட்டை மூட்டையா போடறத கொஞ்ச நாள் நிறுத்துங்க, சாமி கோச்சுக்காது.

சாம்பிள் குறைஞ்சது மூணு இடத்துல எடுங்க: மீன் செத்த இடம், வரத்துக்கால் வந்து ஏரியில விழற இடம், எதிர்ப்பக்கம் மதகு கிட்ட. ஆறா இருந்தா சாக்கடை சேர்ற இடத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு கட்டாயம் வேணும், அந்த வித்தியாசத்துலதான் கேஸே நிக்கும். புது வாட்டர் பாட்டிலை அதே தண்ணியில மூணு தடவை அலசி, தண்ணிக்குள்ள முக்கி, காத்துக்குமிழ் இல்லாம வாய் வரைக்கும் நிரப்பி, தண்ணிக்குள்ளயே மூடி போடுங்க. எண்ணெய், பூச்சிமருந்து சந்தேகம்னா கண்ணாடி பாட்டில். மேல மார்க்கர்ல இடம், தேதி, மணி. மீன்காரங்க கிட்ட ஐஸ் வாங்கி பெட்டியில போட்டு அன்னைக்கே லேபுக்கு போகணும். மீனை அலுமினிய ஃபாயில்ல சுத்தி ஐஸ்ல வைங்க, ஃப்ரீசர்ல போட்டா திசு கெட்டு செவுளை மைக்ராஸ்கோப்ல பாக்க முடியாது. தண்ணிக்கு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப் இருக்கு, மீனுக்கு தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிங்க மாதிரி இடத்துல முன்னாடியே போன் பண்ணி கேட்டுட்டு கொண்டு போங்க.

எண்ணிக்கையும் முக்கியம். "ஆயிரக்கணக்கான மீன்"னு எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்க. கரையில அங்கங்க பத்து பத்து மீட்டர் அளந்து, அதுக்குள்ள எந்த மீன் எத்தனைன்னு எண்ணி, சராசரி எடுத்து, மொத்த கரை நீளத்துக்கு பெருக்குங்க. மீன் பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ, தேதி மணி இடம் காட்டற கேமரா ஆப்ல.

ஆக்சிஜன்தான் காரணம்னு சொல்றதோட ஏன் நிக்கக்கூடாதுங்கறதுக்கு 2024 மே மாசம் கொச்சி பக்கத்துல பெரியாறுல நடந்தத பாருங்க. ஏலூர், எடயார் தொழிற்பேட்டை ஒட்டின ஆத்துல மீன் கூட்டம் கூட்டமா செத்துது, கூண்டு போட்டு மீன் வளத்தவங்களுக்கு பெரிய அடி. பாதாளம் தடுப்பணை ஷட்டரைத் திறந்ததால ஆக்சிஜன் குறைஞ்ச தண்ணி கீழ வந்துதுன்னு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொல்லிச்சு. கேரள மீன்வளப் பல்கலைக்கழகம் ஆராய்ஞ்சுட்டு அம்மோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவுல இருந்துதுன்னு ரிப்போர்ட் குடுத்துச்சு. ரெண்டு ரிப்போர்ட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராததுன்னு இல்ல. ஷட்டருக்குப் பின்னாடி தேங்கின தண்ணியில ஆக்சிஜன் இல்லன்னா, அங்க அழுகற அளவுக்கு என்ன சேந்துதுங்கறதுதான் கேள்வி. அதுக்காக எல்லா சாவுக்கும் ஃபேக்டரிய கை காட்டிடவும் கூடாது. 2019 செப்டம்பர்ல பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் ஒதுங்கினது நாக்டிலூகாங்கற நுண்ணுயிர் பெருகினதால, நம்ம மீனவங்க பூங்கோரைன்னு சொல்றது. கம்பெனி பேரைப் போட்டு புகார் எழுதி, பின்னாடி பாசின்னு ரிசல்ட் வந்தா அடுத்த தடவை உங்க பேச்சு எடுபடாது. பாத்ததை எழுதுங்க, யாருன்னு கண்டுபிடிக்கறது அதிகாரிங்க வேலை.

புகார் மூணு பேருக்கு ஒரே நாள்ல போகணும்: மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர், மீன்வளத்துறை உதவி இயக்குநர், ஏரி நீர்வளத்துறையோடதுன்னா அவங்க, ஊராட்சியோடதுன்னா பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்). நகல் கலெக்டருக்கு. மெயிலும் அனுப்புங்க, ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க, 1100-ல முதல்வரின் முகவரிக்கும் சொல்லி நம்பர் வாங்கி வைங்க. ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுக்கணும், நீங்க எடுத்த சாம்பிள் ஃபேக்டரி மேல கேஸ் போட சட்டப்படி நேரா செல்லாது. 1974 தண்ணீர் சட்டம் பிரிவு 21 படி வாரிய அதிகாரி எடுத்து, ரெண்டா பிரிச்சு, சீல் வச்சு, கையெழுத்து வாங்கினாத்தான் அது செல்லும். அப்ப உங்க சாம்பிள் எதுக்குன்னா, அவங்களை அங்க வர வைக்கறதுக்கு, அவங்க மத்தியானம் வந்து எடுத்துட்டு நார்மல்னு சொன்னா காலை நிலவரம் என்னன்னு காட்டறதுக்கு. புகார்லயே "பிரிவு 21 படி இன்றே மாதிரி எடுக்க வேண்டும், விடியற்காலை ஆக்சிஜனும் அளக்க வேண்டும்"னு போட்டுடுங்க.

பதினஞ்சு நாள்ல அசைவு இல்லன்னா ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எந்த தேதி எந்த மணிக்கு சாம்பிள் எடுத்தீங்க, லேப் ரிப்போர்ட் நகல் குடுங்க, வரத்துக்கால்ல கழிவு விட யார் யாருக்கு அனுமதி இருக்குன்னு கேளுங்க, 30 நாள் கெடு. அதோட பசுமைத் தீர்ப்பாயத்துக்கான நேரத்தையும் எண்ணிட்டே வாங்க, தென் மண்டல அமர்வு சென்னையிலதான் இருக்கு. தீர்ப்பாயச் சட்டம் பிரிவு 14-ல போனா சம்பவம் நடந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும், நஷ்டஈடு கேட்டு பிரிவு 15-ல போனா அஞ்சு வருஷம் வரைக்கும் டைம் உண்டு. நஷ்டஈடுன்னா குத்தகை ரசீது, குஞ்சு வாங்கி விட்ட பில், போன வருஷம் எத்தனை கிலோ பிடிச்சாங்கங்கற சங்கத்து கணக்கு இதெல்லாம் இருந்தாத்தான் பேச முடியும். குத்தகைக்காரங்க நிறைய பேர் பில்லே வச்சுக்கறதில்ல, இப்பவே சொல்லி வைங்க.

மீன் சாகற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். மாசியில இருந்து மழை வர்ற வரைக்கும் வாரத்துல ஒரு நாள், விடியறதுக்கு முன்னாடி ஒரே இடத்துல ஆக்சிஜன், பிஹெச், சூடு மூணையும் அளந்து ஒரு நோட்டுல எழுதுங்க, தண்ணி நிறம், வாடை, ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் பரவியிருக்குங்கறதையும் சேத்து. ஆக்சிஜன் அளவு 3-க்கு கீழ இறங்க ஆரம்பிச்சா மீன்வளத்துறைக்கு அன்னைக்கே எழுதிடுங்க, பெரிய மீனை முன்கூட்டியே பிடிச்சுக்கச் சொல்லி குத்தகைக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க. கோடை மழை முதல் தடவை நல்லா அடிச்ச மறுநாள் மட்டும் வாரக்கணக்கு பாக்காம போய் அளந்துடுங்க, ரோட்டுல சாக்கடையில கிடந்ததெல்லாம் அன்னைக்குத்தான் மொத்தமா ஏரிக்குள்ள வரும்.