ட்ரெய்லர் பேட்டரிக்கு மடக்கு சோலார் பேனலை எப்படி மாட்டுறது

டிசம்பர்ல கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் பக்கம் எங்க கேம்பிங் ட்ரெய்லரை நிறுத்தி ரெண்டு ராத்திரி தங்கினோம், ரெண்டாவது ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் லைட் மங்கிடுச்சு, ஃபேனும் நின்னு போச்சு, சின்னப் பொண்ணு புழுக்கத்துல தூங்கவே இல்ல. பெங்களூரு திரும்பினதும் முதல் வேலையா 100 வாட் மடக்கு பேனல் ஒண்ணு வாங்கினேன். அதுக்கப்புறம் அல்சூர்ல இருந்தும் கேஆர் புரத்துல இருந்தும் தெரிஞ்சவங்க நிறைய பேர் கேக்குற ஒரே கேள்வி, "பேனலை நேரா பேட்டரில மாட்டிடலாமா?" மாட்டாதீங்க. 12 வோல்ட் பேனல்னு சொன்னாலும் வெயில்ல சும்மா வெச்சா 21, 22 வோல்ட் காட்டும். நடுவுல சார்ஜை அளவோட நிறுத்துற கன்ட்ரோலர் இல்லாம விட்டா பேட்டரி நிறைஞ்ச பிறகும் கரண்ட் உள்ள போய்க்கிட்டே இருக்கும், சாதா பேட்டரின்னா தண்ணி வாயுவாகி வத்திப் போகும்.

முதல்ல உங்க பேனலோட முதுகைப் பாருங்க. மடக்கு பேனல் பலதுல கன்ட்ரோலர் அங்கேயே ஒட்டி வரும். அப்படி இருந்தா தனியா இன்னொண்ணு வாங்கி அதுக்குப் பின்னாடி மாட்டக்கூடாது, ஒரு வழில ஒரே கன்ட்ரோலர்தான். இல்லன்னா பெங்களூரு எஸ்பி ரோட்ல ரெண்டு வகை கன்ட்ரோலர் கிடைக்கும். பிடபிள்யூஎம் விலை கம்மி, ஆனா 100 வாட் பேனல்ல சுமார் 70 வாட்தான் பேட்டரிக்குப் போய்ச் சேரும். எம்பிபிடி விலை கூட, அதே வெயில்ல இன்னும் கொஞ்சம் பிழிஞ்சு எடுக்கும். ஒரே ஒரு பேனல்தான், வருஷத்துக்கு நாலஞ்சு ட்ரிப்தான்னா பிடபிள்யூஎம் போதும்னு நான் சொல்வேன். 100 வாட்டுக்கு 10 ஆம்பியர் கன்ட்ரோலர், 200 வாட்டுக்கு 20 ஆம்பியர்.

அடுத்து வயர், இதுலதான் நிறைய பேர் காசு மிச்சம் பண்ணப் பாக்குறாங்க. பேனல் 5 மீட்டர் தள்ளி இருந்தா கரண்ட் போய் வர 10 மீட்டர் ஆச்சு. 1.5 சதுர மில்லி வயர்ல 6 ஆம்பியர் போனா வழியிலயே முக்கால் வோல்ட் கிட்ட காணாம போயிடும், அதுவே 4 சதுர மில்லின்னா கால் வோல்ட்டோட முடிஞ்சிடும். அதனால 4 சதுர மில்லி சோலார் வயரே வாங்குங்க. கன்ட்ரோலர் தனியா இருந்தா நீள வயர் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல இருக்கட்டும், கன்ட்ரோலர்ல இருந்து பேட்டரிக்கு ஒரு மீட்டருக்கு மேல வேண்டாம், ஏன்னா கன்ட்ரோலர் தன்னோட முனைல தெரியுற வோல்ட்டைப் பாத்துதான் பேட்டரி நிறைஞ்சிடுச்சான்னு முடிவு பண்ணும், வயர் நீளமா இருந்தா அங்க வோல்ட் கூடத் தெரியும், பாதி நிறைஞ்சதுமே சார்ஜைக் குறைச்சிடும்.

ஃப்யூஸ் கண்டிப்பா வேணும். 10 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ், ஹோல்டரோட ஜேசி ரோட்ல கார் சாமான் கடைல கிடைக்கும். பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள போடுங்க. வயர் எங்கயாவது உரசி ஷார்ட் ஆச்சுன்னா தீயா வர்ற கரண்ட் பேட்டரில இருந்துதான் வரும், அதனாலதான் ஃப்யூஸ் பேட்டரி பக்கம்.

இப்ப மாட்டலாம். பேனலை மடக்கியே வைங்க, இல்லன்னா மேல ஒரு போர்வை போட்டு மூடுங்க. ட்ரெய்லர்ல லைட், பம்ப் எல்லாம் ஆஃப் பண்ணிடுங்க. ஃப்யூஸைக் கழட்டி வெச்சுட்டு கன்ட்ரோலர்ல பேட்டரி படம் போட்ட முனைல இருந்து சிவப்பு வயரை ப்ளஸுக்கும் கருப்பை மைனஸுக்கும் கொண்டு போய் லக் (வயர் நுனில மாட்டுற உலோக வளையம்) போட்டு இறுக்குங்க, அப்புறம் ஃப்யூஸை சொருகுங்க. கன்ட்ரோலர்ல விளக்கு எரியும், 12.5 மாதிரி ஒரு நம்பர் வரும். ரெண்டு பேட்டரி பேரலல்ல (ப்ளஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ் சேர்த்து) இருந்தா ப்ளஸ் ஒரு பேட்டரில, மைனஸ் இன்னொண்ணுல மாட்டுங்க, அப்பதான் ரெண்டும் சமமா சார்ஜ் ஆகும்.

கன்ட்ரோலர் முழிச்ச பிறகுதான் பேனல். நான் முதல் தடவை இதைத் தலைகீழா பண்ணினேன், பேனலை முதல்ல சொருகினேன், புது கன்ட்ரோலர் போச்சு. பேட்டரி இருந்தாதான் அது 12 வோல்ட் செட்டப்பா 24 வோல்ட் செட்டப்பான்னு கன்ட்ரோலருக்குப் புரியும். பேனலை சொருகுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெயில்ல திறந்து அதோட வயர் முனைல மல்டிமீட்டர் வெச்சு ப்ளஸ் எது மைனஸ் எதுன்னு பாத்துட்டு திரும்ப மூடிடுங்க, வயரோட கலரை நம்பாதீங்க. மீட்டரை டிசி 200ல வைங்க, 20ல வெச்சா 22 வோல்ட்டுக்கு வெறும் 1னு காட்டும், பேனல் கெட்டுப் போச்சுன்னு பயந்துடுவீங்க.

கன்ட்ரோலர்ல பேட்டரி வகையையும் செட் பண்ணணும். தண்ணி ஊத்துற சாதா பேட்டரிக்கு 14.4 வோல்ட், நிறைஞ்ச பிறகு 13.6 கிட்ட. லித்தியம்னா அதுக்குன்னு இருக்கிற மோடை மட்டும் போடுங்க, லடாக் பக்கம் போறவங்க உறைபனி குளிர்ல லித்தியத்தை சார்ஜ் பண்ணாதீங்க.

போர்வையை எடுத்ததும் பேட்டரி வோல்ட் 12.5ல இருந்து மெதுவா 13க்கு மேல ஏறணும், ஏறினா வேலை சரி. டிசம்பர்ல நம்ம ஊர்ல சூரியன் தெற்கால சாய்ஞ்சு போகும், பேனலைத் தெற்குப் பாத்து நல்லா தூக்கி வைங்க. ஏப்ரல் கடைசில நேரா தலைக்கு மேல வரும், அப்ப படுக்க வெச்சாலே போதும். ஒரு தென்னை ஓலை நிழல் விழுந்தாக்கூட கரண்ட் பாதிக்கு மேல குறையும், அதனால ட்ரெய்லரை நிழல்ல விட்டுட்டு பேனலை மட்டும் வெயிலுக்கு இழுத்துட்டுப் போங்க, மடக்கு பேனல் வாங்குறதே அதுக்குத்தான். நல்ல வெயில் நாள்ல 100 வாட் பேனல் 300ல இருந்து 400 வாட் அவர் வரைக்கும் தரும், எங்களுக்கு லைட், ஃபேன், போன் சார்ஜ் எல்லாத்துக்கும் அது சரியா இருக்கு, ஃபிரிட்ஜ் வெச்சிருக்கவங்க 200 வாட் வாங்குங்க.

கிளம்பும்போது பேனலை முதல்ல மூடிட்டு அதோட ப்ளக்கை கழட்டுங்க, வெயில் அடிக்கும்போது உருவினா பொறி பறக்கும். பேட்டரி வயரைத் தொடணும்னா அது கடைசில.