குவாங்சோ முதல் தடவை போறீங்களா? ஸ்டெப் பை ஸ்டெப்பா சொல்றேன்

பேர்ல் ரிவர் டெல்டாவுல இருக்கற பெரிய யாவார ஊரு இது, 1757லேர்ந்து 1842 வரைக்கும் வெள்ளக்காரங்க கடல் வழியா வந்து சீனாவுல யாவாரம் பண்ணணும்னா இந்த துறைமுகத்துக்குதான் வரணும். இப்பவும் ஊரே ஒரு பெரிய ஹோல்சேல் கடைதான்.

ஸ்டெப் 1: தேதி. கேண்டன் ஃபேர்ங்கற பெரிய வர்த்தகக் கண்காட்சி (கேண்டன்ங்கறது இந்த ஊரோட பழைய பேரு) 1957லேர்ந்து நடக்குது, வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஏப்ரல் நடுவுல ஒண்ணு அக்டோபர் நடுவுல ஒண்ணு ஆரம்பிக்கும், மூணு கட்டமா பிரிச்சிருப்பாங்க. எலக்ட்ரானிக்ஸ்காரங்க முதல் கட்டத்துக்கு போங்க, துணிமணி மூணாவதுலதான். ஃபேர் வேலை இல்லன்னா அந்த வாரங்கள விட்டுடுங்க, ரூம் வாடகை எகிறிடும்.

ஸ்டெப் 2: விசா. சுத்திப் பாக்க எல் (L) வகை விசா, யாவாரத்துக்கு எம் (M) வகை, எம்முக்கு அங்கேர்ந்து அழைப்புக் கடிதம் வேணும். யூட்யூப்ல 240 மணி நேரம் விசா வேணாம்னு சொல்றத நம்பி கிளம்பிடாதீங்க, இந்திய பாஸ்போர்ட் அந்த லிஸ்ட்ல கிடையாது.

ஸ்டெப் 3: ஃபோன். இத வீட்டுலயே முடிச்சிடுங்க. அலிபேங்கற பணம் கட்டற ஆப்ப போட்டு, பாஸ்போர்ட் காட்டி, விசா கார்டையோ மாஸ்டர் கார்டையோ இணைங்க, கார்டுல இன்டர்நேஷனல் ஆன் பண்ணிருக்கான்னும் பாருங்க. 200 யுவானுக்கு மேல ஒரே பில்லா போனா 3% புடிப்பாங்க. கூகுள், வாட்ஸ்அப் அங்க லோக்கல் நெட்ல ஓடாது, அதனால ரோமிங் சிம் எடுத்துக்கறது நிம்மதி.

ஸ்டெப் 4: மார்க்கெட். எல்லாம் ஒரே இடத்துல இருக்காது, ரெடிமேடுக்கு பழைய ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பைமா, துணி ரோலுக்கு சோங்தா, பொம்மை ஐட்டத்துக்கு யீதே ரோடுன்னு ஏரியா ஏரியாவா இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு ஏரியா வச்சுக்கிட்டாலே பெருசு. பாஷை தெரியலையேன்னு பயப்படாதீங்க, கடைக்காரம்மா கால்குலேட்டர்ல ஒரு நம்பர் அடிச்சு உங்க பக்கம் திருப்புவாங்க, நீங்க அத அழிச்சிட்டு உங்க நம்பர அடிங்க, அவங்க மூஞ்சிய சுளிச்சிட்டு திரும்ப அடிப்பாங்க, அவ்ளோதான் பேரம். ஆனா விலைக்கு முன்னாடி மினிமம் எத்தன பீஸ்னு கேட்டுடுங்க, ஒரு பீஸ் ரெண்டு பீஸ்னா நிறைய கடையில திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. கேக்காம சரக்க ஃபோட்டோ எடுத்தா டிசைன் திருட வந்தவன்னு நெனச்சு விரட்டிடுவாங்க, அதுக்கு பதிலா விசிட்டிங் கார்ட வாங்கி கார்ட மட்டும் ஃபோட்டோ எடுங்க, கடை நம்பர் அதுலதான் இருக்கும், அந்த பில்டிங்குக்குள்ள ரெண்டாவது தடவ அதே கடைய தேடிப் புடிக்கறது சாமானியம் இல்ல.

ஸ்டெப் 5: சாப்பாடு. காலைல டிம்சம் (ஆவியில வேக வச்ச சின்னச் சின்ன பலகாரங்க) கடைக்கு போங்க, மொதல்ல வர்ற சூடான டீயில கப்பு கிண்ணத்த அலசிட்டு ஊத்திடுவாங்க, அத குடிச்சிடாதீங்க. சைவம்னா பெய்ஜிங் ரோடு கிட்ட தாஃபோ கோயில்ல சைவ சாப்பாடு கிடைக்கும், மத்த இடத்துல காய்கறிலயும் பன்னிக் கொழுப்பு இருக்கலாம்.

மிச்ச நேரத்துக்கு ஷாமியன் தீவு, சென் குடும்ப மண்டபம், ராத்திரி 600 மீட்டர் கேண்டன் டவர் லைட்டு. ஹோட்டல் அட்ரஸ சீன எழுத்துல ஃபோன்ல ஸ்க்ரீன்ஷாட்டா வச்சுக்குங்க, டாக்சிக்காரருக்கு நம்ம உச்சரிப்பு சுத்தமா புரியாது.