அழியுற உயிரினத்துக்கு காசு குடுக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் மகமைப் பணம் (யாவாரத்துல தர்மத்துக்குன்னு எடுத்து வைக்கிற பங்கு), அறுபதாங் கல்யாணத்துக்கு ஒதுக்குற தர்மக் காசு இதெல்லாம் புதுசு இல்ல, இப்ப கொஞ்சப் பேரு அதுல ஒரு பங்க அழிஞ்சுக்கிட்டு வர்ற பறவை, மிருகத்துக்கும் குடுக்கலாமேன்னு கேக்குறாங்க. நல்ல விஷயம். ஆனா கடைக் கணக்குல பத்து ரூபா இடிச்சா ராத்திரி முழுக்க பேரேட்டப் புரட்டுற ஆளுங்க, இதுல மட்டும் ஒரு போட்டோவப் பாத்துட்டு செக்க எழுதிடுறாங்க.

அந்த போட்டோ பெரும்பாலும் புலியாத்தான் இருக்கும். புலிக்கு 1973லேருந்து சர்க்காரே தனித் திட்டம் போட்டு செலவு பண்ணுது, 2022 கணக்கெடுப்புல சராசரியா 3,682ன்னு வந்துச்சு. புலிக்கு ஒதுக்குற காட்டுல மத்த உயிரும் பொழைக்குதுங்கிறது வாஸ்தவம்தான், ஆனா நம்ம அம்பதாயிரம் அங்க போய்ச் சேந்தாலும் சேராட்டியும் ஒண்ணும் மாறப்போறதில்ல. நம்ம காசு போகலேன்னா எது நடக்காம நின்னுபோகும்? மொதல்ல கேக்க வேண்டியது அதான்.

அடுத்தது கொஞ்சம் படிச்சவங்க பண்ற தப்பு. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்துல இருக்குன்னு உலக அளவுல போடுற சிவப்புப் பட்டியல எடுத்து, எது அழிவோட விளிம்புல நிக்குதோ அதுக்கே மொத்தப் பணமும்னு முடிவு பண்றது. அந்தப் பட்டியல் ஆபத்து எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும், காப்பாத்த எவ்வளவு ஆகும், காப்பாத்த முடியுமாங்கிறதெல்லாம் அதுல கெடையாது. அமெரிக்காவுல கலிபோர்னியா காண்டார்னு ஒரு பெரிய கழுகு, 1982ல மொத்தமே 22தான். 1987ல காட்டுல மிச்சம் இருந்த கடைசிப் பறவையையும் புடிச்சு, கூண்டுல வச்சு குஞ்சு பொரிக்க வச்சு திரும்ப விட்டாங்க. ஜெயிச்சதுதான், ஆனா பல கோடி டாலர், பல வருஷம். சின்னக் கையிருப்புக்கு அது ஆகாது. நியூசிலாந்துல இதுக்கு ஒரு கணக்கு முறை கொண்டு வந்தாங்க, 2009ல அது கட்டுரையாவும் வந்துச்சு: கெடைக்கிற பலன், ஜெயிக்கிற வாய்ப்பு ரெண்டையும் பெருக்கி செலவால வகுத்துப் பாரு. சும்மா ஒரு உதாரணம், பத்து லட்சம் செலவுல பத்துக்கு ஒரு வாய்ப்பு உள்ளது ஒண்ணு, ரெண்டு லட்சம் செலவுல பத்துக்கு ஆறு வாய்ப்பு உள்ளது ஒண்ணுன்னா, பலன் ஒரே அளவா இருந்தா ரெண்டாவதுல ரூபாய்க்கு முப்பது மடங்கு வேலை நடக்குது. இதுக்கு வட்டிக் கணக்கு தெரிஞ்சவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

இருக்குறதுலயே பெரிய தப்பு, ஏன் சாகுதுன்னே தெரியாம செலவு பண்றது. பாறுக் கழுகையே எடுத்துக்கங்க. அதுல ஒரு வகையான வெண்முதுகுப் பாறு 1992லேருந்து 2007க்குள்ள இந்தியாவுல நூத்துக்கு தொண்ணூத்தொம்பதுக்கு மேல போயிருச்சு. மாட்டுக்கு வலிக்குப் போடுற டைக்ளோபெனாக் ஊசிதான் காரணம்னு 2004லதான் தெரிஞ்சுச்சு, அந்த மருந்து ஏறின மாடு செத்து அதத் தின்ன கழுகுக்கு சிறுநீரகம் கெட்டுப்போச்சு. 2006ல மாட்டுக்குத் தடை போட்டாங்க, ஆனா மனுஷனுக்குன்னு வித்த பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்கே போட்டாங்க, அதனால 2015ல பாட்டில் அளவ 3 மில்லியாக் கொறைச்சாங்க, 2023ல அதே மாதிரி கழுகுக்கு வெஷமாகுற கீட்டோபுரோபன், அசிக்ளோபெனாக்னு வேற ரெண்டு வலி மருந்துக்கும் மாட்டு வைத்தியத்துல தடை வந்துச்சு. கூண்டுல வளக்குறது வேணாம்னு சொல்லல, வெளியில வெஷத்த அப்படியே வச்சுக்கிட்டு குஞ்சு பொரிச்சு என்ன பிரயோஜனம்? மருந்துக் கடைய கண்காணிக்கிறதுக்கும், கழுகுக்குக் கெடுதல் இல்லாத மெலாக்சிகாம்ங்கிற வலி மருந்த எழுதச் சொல்லி மாட்டு டாக்டருங்க கிட்ட பேசுறதுக்கும் பணம் கேட்டா யாரும் தர மாட்டேங்குறாங்க, ஏன்னா அதுல போட்டோ எடுக்க ஒண்ணும் இல்ல.

கல்வெட்டு ஆசையும் அப்படித்தான். வளைவு, பெஞ்சு, பேரு போட்ட போர்டு, எல்லாம் ஒரு தடவ செலவு. வேட்டைய தடுக்குற காவலாளுக்கு மாசாமாசம் சம்பளம், அதுக்குத்தான் ஆளு இல்ல. மரக்கன்னும் அதே கதை, நம்ம பொட்டக்காட்டுல புல்லும் புதருமா இருந்தாத்தான் வாழுற உயிர் நெறைய, அங்க கொண்டுபோய் குழி தோண்டி மரம் நட்டா அதுங்களுக்கு இடம் போகும்.

காசே இல்லாம நடக்குற காரியத்துல காசக் கொண்டுபோய் கொட்டுறதும் ஒரு தப்பு. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயம் 1977ல அறிவிச்சது, அங்க கொள்ளுக்குடிப்பட்டி சனங்க பறவை பயந்துரும்னு தீபாவளிக்கு வெடி போடுறதில்ல. அங்க வர்ற நத்தைக்குத்தி நாரை அழியுற பட்டியல்லயே இல்ல, அது வேற விஷயம். வெடி போடாததுக்கு தலைக்கு இவ்வளவுன்னு யாராவது குடுக்க ஆரம்பிச்சா, பணம் நின்ன வருஷமே வெடிச் சத்தம் கேக்கும். அந்த ஊருக்கு ஏதாவது செய்யணும்னா கண்மாய்க்கு வர்ற வரத்து வாய்க்காலத் தூர் வாரிக் குடுங்க.

எங்கதான் குடுக்குறதுன்னா, என்னையக் கேட்டா நமக்குக் கெழக்க இருக்குற கடலத்தான் சொல்லுவேன். புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையோரம் பாக் விரிகுடாவுல 2022ல 448 சதுர கிலோமீட்டர கடல்பசுவுக்குன்னு அறிவிச்சாங்க. அங்க ஆவுளியான்னு சொல்லுவாங்க. மூச்சு விட மேல வந்தாகணும், வலையில மாட்டுனா மூழ்கியே செத்துரும், பல வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதனால ஒண்ணு பொழைச்சாலும் பெருசு. காப்பாத்தணும்னா வலைய அறுக்கணும், நஷ்டம் மீனவருக்கு. அந்த வலைக்காச ஈடுகட்ட நம்ம பக்கத்துத் தர்மப் பணமே போதும், ஆனா வலை அறுத்த வாரமே கைக்குப் போய்ச் சேரணும், ஆறு மாசம் கழிச்சு மேடை போட்டுக் குடுத்தா அடுத்த தடவ ஒருத்தரும் அறுக்க மாட்டாங்க.