நாடாவைக் கொண்டு உடல் கொழுப்பைக் கணக்கிடும் முறை

புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ அளவு இருவருக்கும் 22.3 என்றிருக்க, உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடாகவும் யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடாகவும் இருந்தது. எடையையும் உயரத்தையும் மட்டும் நம்பினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. ஆகவே தையல் நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சூத்திரத்திற்கு எடை பார்க்கும் கருவியே தேவையில்லை. உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்து, வரும் ஈவை 20ஆல் பெருக்கி, அதை ஆண்கள் 64இலிருந்தும் பெண்கள் 76இலிருந்தும் கழித்தால் கிடைப்பதே கொழுப்பு விழுக்காடு. இரண்டு அளவும் சென்டிமீட்டரில் இருக்கட்டும்.

கணக்கு எளிது, அளப்பதில்தான் பிழை நேர்கிறது. பேண்ட் அளவை அப்படியே எழுதிவிடக் கூடாது, ஏனெனில் நம்மில் பலர் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் அணிகிறோம். விலாப்பக்கம் விரலால் அழுத்தி இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே, வெறும் தோலின்மீது, நாடா தரைக்கு இணையாகச் சுற்றி வருமாறு பிடிக்க வேண்டும். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடித்த கணத்தில் அளவைப் பாருங்கள். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள்; இரண்டுக்கும் இடையே 1 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் மறுபடியும் அளப்பதே நல்லது.

168 செ.மீ. உயரமும் 92 செ.மீ. இடுப்பும் 70 கிலோ எடையும் உள்ள ஆணுக்கு ஈவு 1.826, அதன் 20 மடங்கு 36.5, ஆகவே கொழுப்பு 27.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 19 கிலோ. அவருடைய பிஎம்ஐ 24.8தான். நாடா 2 செ.மீ. குறைத்துக் காட்டியிருந்தால் விடை 26.7 ஆகியிருக்கும்.

இது மதிப்பீடே, எக்ஸ்ரே கொண்டு உடல் கொழுப்பை அளக்கும் டெக்சா ஸ்கேனுக்கு ஈடாகாது. அமெரிக்கப் பெரியவர்களின் அளவுகளிலிருந்து உருவான சூத்திரம் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம். தனி ஒரு விடையைவிட, மாதம் ஒருமுறை, காலையில் உண்பதற்கு முன், அதே இடத்தில் அளந்து வரும் வரிசையே அதிகம் சொல்லும். சூத்திரமே வேண்டாம் என்பவர்கள், தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற இடுப்பு வரம்பை நாடாவிலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம்.