கரண்டியைக் குழந்தை கையில் கொடுங்கள்

எங்கள் மழலையர் வகுப்பில் முன்பெல்லாம் நாங்களே தட்டில் போட்டு, "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சி, தட்டு காலியானால்தான் விடுவோம். குழந்தைகளே பரிமாறிக்கொண்டு வேண்டிய அளவு சாப்பிடும்படி இதை மாற்ற நினைத்தால், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

தண்ணீரில் தொடங்குங்கள். மூன்று வயதுக் குழந்தை தூக்கக்கூடிய சின்ன ஜக், பாதி தண்ணீர், அவ்வளவுதான். ஒரு பையன் முதல்முறை ஊற்றியபோது ஜக்கின் மூக்கை டம்ளர் விளிம்பில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினான். கொஞ்சம் சிந்தியது. பிடிக்கப்போன கையை நான் இழுத்துக்கொண்டேன். அவனே போய்த் துணி எடுத்துவந்து துடைத்தான். அதனால் துணியைக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

ஓரிரு வாரம் கழித்து, ஒரே ஒரு பதார்த்தத்தை மட்டும் அவர்களே பரிமாறிக்கொள்ளட்டும். காம்பு குட்டையான கரண்டி, வாய் அகன்ற கிண்ணம் வேண்டும். மேசைக்கு நான்கைந்து குழந்தைகள், ஒரு ஆசிரியர். ஆசிரியரும் உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட வேண்டும். நின்றுகொண்டிருந்தால் அது மேற்பார்வை ஆகிவிடும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, பெரியவர்தான் பரிமாற வேண்டும். தொண்டையில் அடைக்காமல் இருக்கத் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குவதையும் விட்டுவிடாதீர்கள்.

கடினமானது நம் வாயை அடக்குவதுதான். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொன்ன பங்கீடு எனக்குக் கைகொடுத்தது: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. "இதை முடித்தால்தான் இனிப்பு" என்பதை விட்டுவிட்டு, "வயிறு நிறைஞ்சிடுச்சா, இன்னும் இடம் இருக்கா?" என்று கேளுங்கள். புதிய காய் ஒன்று பிடித்துப்போக பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். தொட்டுப் பார்த்து, முகர்ந்துவிட்டு வைத்தாலும் அன்றைக்கு அது போதும்.

அப்புறம் பெற்றோர். வாசலில் முதல் கேள்வியே "சாப்பிட்டானா?" என்பதுதான். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். தினமும் என்ன வைத்தோம், எவ்வளவு எடுத்துக்கொண்டான் என்று மட்டும் சொல்லுங்கள். "சமத்தாச் சாப்பிட்டான்" என்று சேர்க்காதீர்கள். எடை குறைகிறது, பல நாளாக எதையுமே தொடுவதில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.